உசிலம்பட்டி ஆட்டோ, ஒரு நாள் வாடகை 1,400 ரூபாய்: கல்வட்டம் தேடிப் போன அனுபவம்

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் ஆட்டோவை நாள் வாடகைக்கு எடுத்தேன். காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்தரை வரை 1,400 ரூபாய். டீ, சாப்பாடு, பஞ்சர் என் செலவு. ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஓட்டுநரின் பெயரையும் நம்பரையும் போடட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம்மா, அப்புறம் ஊர்ல உள்ளவுக பூரா கல்லுத் தேடவே கூப்புடுவாக, நான் பள்ளிக்கூடப் பிள்ளைகள ஏத்தி எறக்கணும்ல" என்று மறுத்துவிட்டார். வேண்டுமானால் ஓர் அடையாளம் சொல்கிறேன்: வண்டியின் முதுகில் கருப்பசாமி அரிவாளோடு நிற்பார். அந்த ஊரில் பாதி ஆட்டோக்களின் முதுகில் அவர்தான் நிற்கிறார்.

நான் நில அளவைத் துறையில் 31 வருஷம் புலப்படம் வரைந்து ஓய்வு பெற்றவள். மதுரை எல்லீஸ் நகரில் வீடு, இரண்டு முட்டியும் தேய்மானம். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ ஆட்டோ எடுப்பவர்களுக்கு நான் எழுதுவதில் பாதி தேவைப்படாது. அவர்களுக்காக வண்டியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி பழசு, டீசல், சத்தம் அதிகம். பின் சீட்டில் இடது பக்கம் ஸ்பிரிங் இறங்கிவிட்டது, வலது பக்கமாக உட்காருங்கள். ஏறும் படி தாழ்வாக இருப்பதால் முட்டிவலிக்காரர்களுக்கு நல்லது. பாட்டை நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார், பத்து நிமிஷத்தில் கை தன்னால் அங்கே போய்விடும். மதியம் அவருடைய அக்கா வீட்டில் ஒரு மூட்டை ரேஷன் அரிசியை இறக்கிவிட்டு வர அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். என்னிடம் அனுமதி கேட்டுத்தான் போனார். ஆனால் மூட்டை காலையிலிருந்தே வண்டியில்தான் இருந்தது. ஒரு நட்சத்திரம் குறைந்தது இதற்காகவும் ஸ்டெப்னிக்காகவும். ஸ்டெப்னி கதை பின்னால் வருகிறது.

இனி போன காரியம்.

என் அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவர். 1961இல் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கண்மாயில் மராமத்து வேலைக்காக லெவல் எடுக்கப் போயிருக்கிறார். அப்போது வைத்திருந்த பாக்கெட் டைரி பழைய வீட்டைக் காலி செய்தபோது என் கைக்கு வந்தது. ஆள் கூலி, மாட்டுவண்டி வாடகை, மடைக்குப் பலகை என்று எழுதிக்கொண்டே போனவர் ஒரு பக்கத்தில் மட்டும் வேறு ஒன்றை எழுதியிருக்கிறார்: "பெரிய மடையிலிருந்து தென்மேற்கே 1,140 லிங்க். கல்வட்டம். 17 கல். விட்டம் 28 அடி. வடக்குக் கல்லில் பெஞ்ச் மார்க் 7 வெட்டியாச்சு." மறுவரியில் மறுபடி கூலிக் கணக்கு.

கல்வட்டம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பெருங்கற்கால மனிதர்கள் இறந்தவர்களுக்கு எழுப்பிய சின்னம். மண்ணுக்கடியில் தாழியோ கற்பலகைகளால் அடைத்த சிறு அறையோ இருக்கும். அதன்மேல் சிறு கற்களைக் குவித்து, குவியல் சரிந்துவிடாதபடி சுற்றிலும் பெரிய உருண்டைக் கற்களை வட்டமாகப் பதித்திருப்பார்கள். தாழிகளை நம் பக்கத்தில் மதமதக்கத் தாழி என்போம். நம் மாவட்டத்துக்கு இவை அபூர்வமே இல்லை. டி. கல்லுப்பட்டியில் மாநிலத் தொல்லியல் துறை எழுபதுகளில் தோண்டியிருக்கிறது. பழங்காநத்தம் கோவலன்பொட்டலில் 1980இல் தோண்டித் தாழிகளை எடுத்தார்கள். பிற்காலத்தில் ஆதிச்சநல்லூரைத் தோண்டிய அலெக்சாண்டர் ரீ அதற்கு முன்பே நம் அனுப்பானடியிலும் பரவையிலும் தோண்டிப் பார்த்தவர். இன்று அனுப்பானடியில் இறங்கித் தாழி எடுத்த இடம் எது என்று கேட்டுப் பாருங்கள். ஹவுசிங் போர்டுக்கு வழி காட்டுவார்கள். தாழியாவது மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். கல்வட்டம் வெளியே தெரிவதால் அதற்குக் கூடுதல் ஆபத்து. உருண்டைக் கல் கிணற்றுக்கு ஆகும், வரப்புக்கு ஆகும், வாசற்படிக்கு ஆகும்.

அப்பாவின் கல்வட்டத்தைத் தேடி இதற்கு முன் மூன்று தடவை போய்த் தோற்றிருக்கிறேன். முதல் தடவை தம்பி மகனோடு. மழைக்காலம், கண்மாய் பெருகிக் கிடந்தது, மடையையே நெருங்க முடியவில்லை. இரண்டாவது தடவை மதுரையில் ஒரு சுற்றுலா ஏஜென்சியில் 4,200 ரூபாய் கட்டிக் கார் எடுத்தேன். தார் ரோட்டை விட்டு இறங்கமாட்டேன் என்று ஓட்டுநர் சாதித்தார். கடைசியில் ஒரு சமணர் படுக்கைக் குன்றின் அடியில் நிறுத்தி, "இதுவும் பழசுதான் மேடம், இதையே பாத்துக்கங்க" என்றார். மூன்றாவது தடவை தனியாகப் போனேன். டைரியின் 1,140 லிங்க்கை (லிங்க் என்பது அளவைச் சங்கிலியின் ஒரு கண்ணி) மீட்டராக்கி, பெரிய மடையிலிருந்து போன் வரைபடத்தில் 229 மீட்டர் தென்மேற்கே குறித்து, அங்கே போய் நின்று, சுற்றிலும் ஐம்பது மீட்டருக்குச் சீமைக்கருவேல முள்ளில் சேலையைக் கிழித்துக்கொண்டு தேடினேன். ஒரு கல்கூட இல்லை. எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டுத் திரும்பினேன். 229 மீட்டர் என்ற அந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது தடவை, இந்த மாசி மாதம். மாசிப் பச்சைக்குக் குலசாமி கும்பிட வந்த கூட்டம் கலைந்த மறுவாரம். போடி லைனில் ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து எனக்கு உசிலம்பட்டி பக்கமாகிவிட்டது. மீட்டர் கேஜை 2010 கடைசியில் நிறுத்தியவர்கள் தேனி வரைக்கும் ரயில் விட 2022 மே ஆனது. பன்னிரண்டு வருஷம் தள்ளிவந்த ரயில் என்பதால் ஜன்னல் சீட்டு கிடைத்தால் எனக்கு இன்னமும் சந்தோஷம்தான்.

ஆட்டோக்காரர் என் பையையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு, "டீச்சரா?" என்றார்.

"இல்ல தம்பி, சர்வே ஆபீஸ்ல இருந்தேன்."

உடனே வண்டி மெதுவானது. அவருடைய மாமனார் நிலத்தில் உட்பிரிவு சரியாக விழவில்லையாம், பக்கத்துக்காரர் மூன்று சென்ட்டை உழுதுகொண்டிருக்கிறாராம். சர்வே ஆபீஸ் என்று வாயைத் திறந்தால் இப்படித்தான். ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகியும் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எனக்கு எதிரே பட்டா நகலை விரிக்கிறார்கள். அவருக்கு யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். பதிலுக்கு அவர் டைரிப் பக்கத்தின் போட்டோவை என் போனில் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பெஞ்ச் மார்க் என்றால் என்ன என்று கேட்டார். லெவல் எடுக்கிறவர்கள், நாளைக்கு வந்தாலும் அசையாமல் இருக்கும் என்று நம்பிக்கை உள்ள ஒரு கல்லிலோ பாலத்திலோ உளியால் ஒரு படுக்கைக் கோடு போட்டு, அதன் கீழே கோழிக்கால் மாதிரி மூன்று கீறல் வெட்டுவார்கள், உயரக் கணக்கெல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் தொடங்கும் என்றேன்.

"கோழிக்கால்," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஊர் பெயரையும் கண்மாய் பெயரையும் சொல்லப்போவதில்லை. கல்வட்டம் என்றால் அடியில் தங்கம் என்று நினைத்து ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டுகிற கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. 58 கிராமக் கால்வாய்க்கு அந்தப் பக்கம், தூரத்தில் ஆண்டிபட்டிக் கணவாய் மலை தெரியும் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் ஊர்க்காரர்களிடம் கேட்கிற விதம். முதல் ஊரில் நான்தான் இறங்கிக் கேட்டேன். "பெரியவரே, இங்க வட்டமாக் கல்லு நட்டு வச்சிருப்பாங்களே, ரொம்பப் பழங்காலத்துல..." பெரியவர் என்னைப் பிள்ளையார் கோயில், காளியம்மன் கோயில், போன வருஷம் கட்டிய நாடக மேடை என்று வரிசையாக அனுப்பிவைத்தார். பழங்காலம் என்றாலே நம் ஊரில் கோயில்தான். ஆட்டோக்காரர் இவ்வளவையும் வேடிக்கை பார்த்துவிட்டு, "அடுத்த ஊர்ல நான் கேக்கட்டுமாம்மா?" என்றார்.

அடுத்ததாக ஊர் வரவில்லை, ஒரு ஆட்டு மந்தைதான் வந்தது. கீதாரி ஒருவர் குடையை மடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். ஆட்டோவை ஓரங்கட்டி, பீடிக்கு நெருப்புக் கொடுத்து, மழை, தீவனம், ஆட்டு விலை எல்லாம் பேசி முடித்த பிறகு நம்ம ஆள் கேட்டார்: "மாமா, கண்மாய்க்குத் தெக்க இந்தப் புஞ்சைக் காட்டுல எங்கெங்க கிடை போடுவீக? எங்க போட மாட்டீக?"

நான் 31 வருஷத்தில் ஆயிரக்கணக்கான புலங்களை வரைந்திருக்கிறேன். ராத்திரி ஆடுகளை அடைத்து வைக்கிற கிடையை எங்கே போட மாட்டார்கள் என்ற இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. புலத்தில் என்ன இருக்கிறது என்றுதான் எங்களுக்குக் கேட்கத் தெரியும்.

கீதாரி யோசிக்கவே இல்லை. "கிடைக்கல்லுப் பக்கம் போட மாட்டோம். ஆடு மெரளும்" என்று குடையால் தென்மேற்கே காட்டினார்.

"அதென்ன கிடைக்கல்லு?"

"கல்லாலேயே கிடை போட்டாப்ல இருக்கும். இப்ப ஒன்னும் இல்ல. முள்ளுதேன்."

ஆடு ஏன் மிரளும் என்று வண்டியில் ஏறியதும் கேட்டேன். பேய் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "கல்லு இடுக்குல பாம்பு கெடக்கும்மா, வேறென்ன" என்றார்.

போகிற வழியில் அவருக்குப் புலிமான்கோம்பை கதையைச் சொன்னேன். அங்கிருந்து அந்த ஊர் அதிக தூரமில்லை, ஆண்டிபட்டி வட்டாரம். 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழி (தமிழ் பிராமி) எழுத்து, இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேல் பழசு. ஒன்றில் கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் செத்த ஒருவனின் பெயர் இருக்கிறது, தீயன் அந்தவன். மாட்டுக்காகச் செத்தவனுக்குக் கல் நட்டு, அதில் பேரும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன். கேட்டுக்கொண்டே வந்தவர், "எழுதிப் போட்டதால கண்டுபுடிச்சாக. நம்ம கல்லுல உங்கப்பா எழுதிப் போட்டிருக்காருல்ல, கெடைக்கும்" என்றார். பேச்சுக்குச் சொன்னதுதான். எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைத்தது.

அதற்குப் பத்தாவது நிமிஷம் டயர் போனது. சீமைக்கருவேல முள் அரை விரல் நீளத்துக்கு உள்ளே இறங்கியிருந்தது. ஸ்டெப்னி இருக்கிறதா என்றேன், இருந்தது. அதிலும் காற்று இல்லை. "நேத்துதேன் மாத்துனேன், ஒட்ட மறந்துட்டேன்" என்று தலையைச் சொறிந்தார். இதற்குத்தான் அரை நட்சத்திரம். உச்சி வெயிலில் நடுக்காட்டில் அறுபது வயதைத் தாண்டிய சவாரியை உட்கார வைத்தவருக்கு அரையோடு விட்டதே பெரிது.

நல்லவேளையாக எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு பம்புசெட்டு இருந்தது. தென்னை நிழல், தொட்டி நிறையத் தண்ணீர், கயிற்றுக்கட்டிலில் ஓர் அப்பத்தா. "வாத்தா, உக்காரு" என்று கட்டிலின் பாதியை எனக்குக் கொடுத்தார். யார், எவர் என்றெல்லாம் பிறகுதான். அப்பத்தாவின் பேரன் சக்கரத்தை பைக்கில் போட்டு ரோட்டுக் கடைக்கு எடுத்துப் போனான். நம்ம ஆள் கையில் அப்பியிருந்த கிரீசைத் தொட்டியோரம் மண்ணைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்து நின்றார்.

"அம்மா. இங்கிட்டு வாங்க. இந்தக் கல்லுல கோழிக்கால் கெடக்கு."

துவைக்கிற கல். இடுப்பளவு அகலம், ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் தட்டை. தட்டைப் பக்கத்தை மேலே பார்க்க வைத்திருந்தார்கள். வருஷக்கணக்காகச் சேலையும் வேட்டியும் அடித்து அடித்து முகம் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஆனால் கீறலுக்குள் சோப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாக நின்றதால் கோடு தெளிவாகவே தெரிந்தது. ஒரு படுக்கைக் கோடு, கீழே மூன்று கீறல், பக்கத்தில் ஓர் ஏழு. அப்பா ஏழு போட்டால் நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இழுப்பார், ஒன்று என்று யாரும் வாசித்துவிடக் கூடாதாம். அந்தக் குறுக்குக் கோடும் இருந்தது. நான் கல்லின் மேல் தண்ணீரை ஊற்றி முந்தானையால் துடைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்பத்தாவுக்குக் கவலை வந்துவிட்டது. "ஏத்தா, கல்ல எடுத்துட்டுப் போயிருவீகளா? நான் எதுல தொவைக்கிறது?"

எடுக்கமாட்டோம் என்று சத்தியம் செய்த பிறகுதான் பேசினார். கிணறு வெட்டிய வருஷம் அவருடைய மாமனார் இரண்டு சோடி மாட்டைப் பூட்டி, சங்கிலி போட்டு இழுத்து வந்த கல். எந்த வருஷம் என்று கேட்டதற்கு, "எனக்குத் தலப்பிள்ள வயித்துல" என்றார். அந்தத் தலைப்பிள்ளைக்கு இப்போது பேரன் பிறந்திருக்கிறது. கிணற்றுமேட்டில் இன்னும் மூன்று கல், சாவடிப் படிக்கட்டில் ஒன்று. மீதி எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியாது. எங்கிருந்து இழுத்தார்கள் என்று மட்டும் நன்றாகத் தெரியும். அந்த வயதிலும் கூடவே நடந்து வந்து கைத்தடியால் காட்டினார்.

முள்ளுக்குள் ஆட்டோக்காரர்தான் முதலில் புகுந்தார். வண்டியில் எப்போதும் ஓர் அரிவாள் வைத்திருக்கிறார், கிளை கழிக்க (இந்தச் சேவையில் சேர்த்துக்கொள்ளலாம்). அரை மணி நேரத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். ஐந்து கல் இருந்தது. முழங்கால் உயரம், பாதி மண்ணுக்குள், ஐந்தும் லேசாக வளைந்த ஒரே வரிசையில். உள்பக்கம் கைப்பிடி அளவுச் சரளைக்கற்கள் இறைந்து கிடந்தன. தன்னால் கிடக்கும் பாறை இப்படி வரிசையில் நிற்காது.

வட்டத்தில் கால்வாசிதான் மிச்சம் என்றாலும் விட்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம், அது எங்கள் தொழில். முதல் கல்லிலிருந்து ஐந்தாவது கல்லுக்குத் தாம்புக்கயிற்றை இழுத்துப் பிடித்தோம், 6 மீட்டர். கயிற்றின் நடுவிலிருந்து வளைவின் முதுகுக்கு டேப் வைத்தேன், 1.2 மீட்டர். கணக்குப் போட்டால் முழு வட்டத்தின் விட்டம் 8.7 மீட்டர். அப்பா எழுதிய 28 அடி என்பது ஏறக்குறைய 8.5 மீட்டர். அந்த அளவு வட்டத்தில் பதினேழு கல்லைச் சம இடைவெளியில் வைத்தால், கால்வாசி வளைவில் ஐந்து கல்தான் வரும். அதுவும் பொருந்தியது.

பொருந்தாதது தூரம். பெரிய மடையிலிருந்து அந்த இடம் போன் கணக்கில் 339 மீட்டர். என் கணக்கிலோ 229. நூற்றுப்பத்து மீட்டர் எங்கிருந்து வந்தது? கட்டிலில் உட்கார்ந்து மோரைக் குடித்துக்கொண்டே 339ஐ அடியாக மாற்றிப் பார்த்தேன், 1,112. டைரியில் 1,140. அப்போதுதான் உறைத்தது.

எங்கள் துறையின் பழைய சங்கிலி 66 அடி, அதில் நூறு லிங்க். ஒரு லிங்க் 7.92 அங்குலம். சென்ட் கணக்கே அதிலிருந்து வந்ததுதான், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். சர்வீஸ் முழுக்க லிங்க் என்றால் எனக்கு அது ஒன்றுதான். ஆனால் அப்பா இருந்தது பொதுப்பணித் துறையில். இஞ்சினியர்களின் சங்கிலி 100 அடி, அதிலும் நூறு லிங்க்தான். அவர்களுக்கு ஒரு லிங்க் ஒரு அடி. 1,140 லிங்க் என்று அவர் எழுதியது 1,140 அடி, 347 மீட்டர் சொச்சம். மேடு பள்ளத்தில் சங்கிலியைத் தரையோடு இழுத்தால் எட்டு மீட்டர் கூடத்தான் செய்யும், போனிலும் நாலைந்து மீட்டர் பிசகு உண்டு. ஆக அப்பாவின் இடம் சரி. அவருடைய டைரியை என் துறைச் சங்கிலியால் அளந்து, மூன்றாவது தடவை வேறு இடத்தில் நின்று சேலையைக் கிழித்துக்கொண்டவள் நான். இருவரும் ஒரே வீட்டில் முப்பது வருஷம் வேலையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். சங்கிலியைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை.

"உங்க வீட்டுலயே ரெண்டு அளவா?" என்று ஆட்டோக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

பழைய பதிவுகளை வைத்து இந்த மாதிரி இடங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மைல் எந்த இடத்திலிருந்து எண்ணப்பட்டது, எழுதியவர் எந்தத் துறைக்காரர் என்பதையெல்லாம் முதலில் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்து மதுரை மாவட்டத்தில் இன்றைய திண்டுக்கல்லும் தேனியும் அடக்கம், அதனால் ஒரே பெயரில் இரண்டு மூன்று பட்டிகள் இருக்கும். தாய்க் கிராமத்தின் பெயரை எழுதியிருப்பார்கள், கல் கிடப்பது அதன் குக்கிராமத்தில். பட்டாவுக்கான நில உடைமைப் பதிவு மேம்பாடு எண்பதுகளில் நடந்ததால் பழைய சர்வே நம்பரை அப்படியே இன்றைய நம்பராக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். தெரிந்தும் லிங்க்கில் சறுக்கினேன்.

"கீழடி மாதிரி தோண்டிப் பாக்கலாமாம்மா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். கூடாது என்றேன். கீழடி, ஆட்கள் வாழ்ந்த இடம். அவர்களைப் புதைத்தது பக்கத்துக் கொந்தகையில். இது கொந்தகை மாதிரி. உள்ளே எந்தப் பானை எந்தப் பக்கம் இருக்கிறது, எலும்புக்குக் கீழே என்ன, மேலே என்ன என்பதில்தான் செய்தி இருக்கிறது, கடப்பாரை போட்டால் அதெல்லாம் கலைந்து கடைசியில் பானை ஓடு மட்டும்தான் மிஞ்சும். தொல்லியல் துறைக்கு அளவுகளோடு கடிதம் எழுதுவது என் வேலை, ஊரில் யாரிடமும் இதைப் பெரிதாகப் பேசாமல் இருப்பது உங்கள் வேலை என்றேன். தலையாட்டினார். இந்த விமர்சனத்தில் பெயர் வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திரும்பும்போது மணி நாலரை. ரோட்டோரம் கம்மங்கூழ் கடையில் நிறுத்தினார். மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் தொட்டுக்கொண்டு இரண்டு சொம்பு, மொத்தமே அறுபது ரூபாய். அந்தக் கடைக்குத் தனியாக ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம், பெயர்ப்பலகை இல்லை.

பணம் கொடுக்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கை: போனில் அனுப்பலாம் என்று வண்டியில் ஸ்டிக்கர் இருக்கிறது, பாதி கிழிந்திருப்பதால் ஸ்கேன் ஆகாது. ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். முள் வெட்டியதற்கு 300 கூடக் கொடுத்தேன். 200 வாங்கிக்கொண்டு நூறைத் திருப்பித் தந்தார், பஞ்சருக்கு நான் கொடுத்ததில் பாதி அவர் பங்காம். பள்ளிக்கூட நாட்களில் காலை எட்டே முக்காலுக்கு முன்னும் சாயங்காலம் நாலுக்கு மேலும் வரமாட்டார். அன்று விடுமுறை என்பதால் எனக்கு ஐந்தரை வரை கிடைத்தது.

பதினேழு கல்லில் ஐந்து அதனதன் பழைய இடத்திலேயே, நாலு கிணற்றடியில், ஒன்று சாவடியில். ஏழு கல்லுக்குக் கணக்கு இல்லை. போன வாரம் அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது: ஏதோ ஒரு டீக்கடை வாசல், பெஞ்சின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்த உருண்டைக் கல். "அம்மா இது நம்ம கல்லா பாருங்க" என்று குரல் செய்தி. சோப்பும் இல்லை, கோழிக்காலும் இல்லை. போட்டோவை வைத்துச் சொல்ல முடியாது தம்பி, அடுத்த மாதம் நேரில் வருகிறேன், அதற்குள் ஸ்டெப்னியை ஒட்டி வையுங்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.